அப்படியே இருப்பான்

அப்படியே இருப்பான் என்று குழி வெட்டிய கிழவன் ஒலுஃப் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தவமலர் இத்தனை வருசத்தையும் கடத்தினாள். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கே பயந்து காருக்குள் இருந்தாள். கதவைத் திறந்தால் சவக்காலையின் படலை, படலைக்கு அங்கால் கூப்பிடு தூரத்தில் அவளுடைய பிள்ளையின் குழி. கணவர் ஞானசுந்தரம் மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீ இஞ்சையே இரு மலர், நான் பாத்துட்டு வந்து சொல்லுறன்" என்று இறங்கிப் போய்விட்டார். கண்ணாடியில் நீர் வழிந்து அவரைக் கரைத்தது, வைப்பர் ஒருதரம் துடைத்து அவரைத் திரும்ப நிமிர்த்தி வைத்தது, பிறகும் கரைத்தது. நோர்வேயின் வடக்கு நுனியில், கிரோநெஸ் என்ற இந்த மீன்பிடி ஊருக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்துசேர்ந்த முதற் குளிர்காலத்தில் பிறந்த பிள்ளை. பிறந்த என்று சொல்லலாமோ என்ற இடத்தில் அவளுடைய நினைப்பு எப்போதும் ஒருதரம் இடறும். மூச்சில்லாமல் வந்ததைப் பிறந்தது என்று சொல்கிறதா? பிறக்காத ஒன்றுக்கு எப்படிச் சவக்குழி? பிறந்ததுதான். அவள் நொந்து பெற்றதுதான். ஒரு பகலும் ஒரு இரவும் நொந்தாள், யன்னலுக்கு வெளியே பகலும் இரவும் ஒரே கறுப்பாக இருந்தது, விடியாத ஊரில் ஒரு பிள்ளை எப்படி விடிவான் என்று அப்போதே அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த வயதில் என்னதான் தோன்றியது.

மண் தோண்டுகிற பெக்கோ உறுமுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. இனிக் கையால் தோண்டுவார்கள். அஸ்லாக் அப்படித்தான் சொன்னான்: மேல்மண்ணை மட்டும் மெசின் எடுக்கும், பெட்டிக்குக் கிட்டப் போனதும் மண்வெட்டி, கடைசியில் கை. நல்ல பெடியன், நாற்பது வயதுக்காரனைப் பெடியன் என்று நினைக்கிற வயது தனக்கும் வந்துவிட்டது. இந்த வடக்கின் பூர்வகுடிகளான சாமி இனத்து ஆள், தகப்பன் காலத்தில் பனிமான் மேய்த்த குடும்பம். இப்போது குளிர்காலத்தில் மழை பெய்து, பெய்த மழை புல்லுக்கும் பாசிக்கும் மேலே கண்ணாடி மாதிரி இறுகிவிட, மான்கள் காலால் சுரண்டிச் சுரண்டிக் குளம்பில் இரத்தம் வரச் செத்துப்போக, மிஞ்சியதை விற்றுவிட்டு ஊராட்சிக்கு மண் தோண்ட வந்தவன். போன மாசியில் தான் வேலைசெய்கிற மீன் ஃபக்டரிக்குப் பின்னால் மூன்று மான்கள் வந்து நின்றதை அவளே கண்டாள். காட்டு மிருகம் மனுசரிடம் வந்து நிற்கிறதென்றால் அதன் வயிறு எப்படி எரிந்திருக்கும். அவள் முட்டைக்கோவா இலைகளைக் கிள்ளிப் போட்டாள். கோவா. அந்த இலையில் போய் நினைப்பு முட்டி நிற்கிறது. ஆஸ்பத்திரியில், பிள்ளை இல்லை என்று ஆனதற்குப் பிறகு, மார்பில் பால் கட்டிக் கல்லாகியபோது, ஒரு தாதி குளிர்ந்த கோவா இலைகளைக் கொண்டுவந்து மார்பின்மேல் வைத்துக் கட்டிவிட்டாள். ஊரில் என்றால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். இரண்டும் பாலை வற்ற வைக்கும் என்றுதான் சொல்கிறார்கள். பாலுக்குப் பிள்ளை செத்தது தெரியாது. பால் வந்துகொண்டே இருந்தது, இலை சூடேறி வதங்கியது, அவிந்த கோவாவின் வாசம் அவளுடைய சட்டையிலிருந்து வந்தது. பிறகு எத்தனையோ வருசம் அவளுடைய குசினியில் கோவா வேகவில்லை. ஏன் என்று ஞானம் ஒருநாளும் கேட்டதில்லை.

நிலம் போகிறது என்று முதலில் போன் எடுத்துச் சொன்னது ரன்ஹில்ட், ஊர்த் தேவாலயத்தையும் சவக்காலையையும் பராமரிக்கிற மனுசி. முந்தியென்றால் கார்த்திகை பிறக்க முன்னமே குடாவின் ஓரம் உறைந்துவிடும். எவ்வளவு பெரிய புயல் வந்தாலும் அலை அந்த ஐஸ் விளிம்பில் மோதித் தளர்ந்துதான் கரையைத் தொடும். கரையும் கல்லுப்போல இறுகிக் கிடக்கும். இப்போது தை மாதத்திலும் கடல் திறந்து கிடக்கிறது. மண்ணுக்கு உள்ளே காலகாலமாக உறைந்திருந்ததும் இளகிப்போயிற்று. அலை ஒருதரம் நக்கினால் ஒரு கட்டி நிலம் போகும். போன இலையுதிர் காலத்துப் புயலில் சவக்காலையின் கடற்பக்க மூலை இரண்டு பழைய குழிகளோடு இறங்கிவிட்டது. "அதில் ஒன்று என் அப்பாவின் அப்பா" என்று ரன்ஹில்ட் போனில் சொன்னாள். அதை அழாமல்தான் சொன்னாள், பேச்சை முடித்த பிறகும் போனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வரிசையில் சின்னப் பிள்ளைகள். அடுத்த புயலுக்கு முன்னே எல்லோரையும் மேட்டுக்கு மாற்றப்போகிறோம், நீங்கள் வரலாம், வராமலும் இருக்கலாம், பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம், எல்லாம் உங்கள் விருப்பம். இந்த நாட்டில் எல்லாமே விருப்பம். அன்றைக்கும் அப்படித்தான், அந்தத் தாதி வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து மெல்ல என்னவோ கேட்டாள். தவமலருக்கு அந்த மொழியில் நாலைந்து சொல்தான் தெரியும். யாராவது எதையாவது நீட்டினால் சொல்ல வேண்டியது என்று அகதி முகாமில் சொல்லித் தந்ததைச் சொன்னாள்: நை தக். வேண்டாம், நன்றி. தாதி தலையசைத்துவிட்டுத் துணியோடு போய்விட்டாள். கதவு தானாக மூடிக்கொண்டது. அந்தக் கேள்வி என்னவென்று அவளுக்கு விளங்க இரண்டு வருசம் சென்றது. மகள் அபிரா பிறந்தபோது இன்னொரு தாதி அதே மாதிரிக் குனிந்து அதே சொற்களைச் சொன்னாள்: கையில் வைத்திருக்க விரும்புகிறாயா? அவள் வாரி வாங்கிக்கொண்டு ஓவென்று அழுததைப் பார்த்து எல்லோரும் சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

முகம் தெரியாது. அதுதான். துணியின் ஓரத்தில் தெரிந்த கொஞ்சம் கறுப்பு மயிர், அவ்வளவுதான் தெரியும். ஞானம் பார்த்திருக்கிறார். அவரைக் கேட்டால் "உன்ரை சாயல்தான்" என்பார். பிறகு எழும்பி வெளியே போய்விடுவார். ஆகவே அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து மீன்பிடிப் படகொன்றில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் குடாவைக் கடந்து கொண்டுவந்தார். தை மாதத்து நிலத்தை ஒருவராலும் வெட்ட முடியாது. இந்த ஊரில் குளிர்காலத்தில் செத்தவர்கள் தேவாலயத்தின் பின்பக்கக் கற்கொட்டிலில் வைகாசிவரை காத்திருப்பார்கள். அவளுடைய பிள்ளையும் காத்திருந்தான், யாரோ இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்களோடு. வேலைக்குப் போகிற வழி அதுதான். ஒவ்வொரு நாளும் கொட்டிலைத் தாண்டும்போது சப்பாத்துக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு நடப்பாள். பூட்டிய கதவு. திறப்பு யாரிடம் என்று கேட்கச் சொற்கள் இல்லை. குளிருமே, ஒரு கம்பளியும் போடாமல் என்று நினைப்பாள். உடனே, செத்த பிள்ளைக்கு என்ன குளிர் என்று நினைப்பாள். உடனே, குளிரும்தான் என்று நினைப்பாள். வைகாசியில் குழி வெட்டினார்கள். சுடலைக்குப் பெண்கள் போகிறதில்லை என்று கூட வேலைசெய்த தமிழ்ப் பெடியள் சொன்னார்கள், இது சுடலை இல்லையே, சவக்காலைதானே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மேல்மண் மட்டும்தான் இளகியிருந்தது, அதற்குக் கீழே ஒலுஃப் நெருப்பு மூட்டி, இரும்பு அலவாங்கால் குத்திக் குத்தித் தோண்டினாராம். பின்னேரம் அவளைப் பார்க்க வந்த அந்தக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கைப்பாசையிலும் சொல்லிலுமாக விளங்கப்படுத்தினார். கீழே எப்போதும் ஐஸ். எப்போதும். ஒன்றும் கெடாது. அவன் அப்படியே இருப்பான். ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம். அவளும் ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டாள். பிறந்த ஊரான ஊரெழுவில் அவளுடைய தமக்கையின் பிள்ளை காய்ச்சலில் செத்துத் தாட்டபோது ஒரு மாரிக்குள் செம்மண் அவனை எடுத்துக்கொண்டது, மேலே புல்லு முளைத்தது, தமக்கை மெல்ல மெல்லச் சோறு தின்னத் தொடங்கினாள். இவளுடையவன் மண்ணாகவும் இல்லை. அப்படியே இருக்கிறான். இரவில் படுக்கும்போது சுகமாகவும் விடியும்போது ஊசியாகவும் இருக்கிற ஒரு சொல்.

போன் அதிர்ந்தது. அபிரா, ஒஸ்லோவிலிருந்து.

"அம்மா, தோண்டியாச்சே?"

"இல்லைப் பிள்ளை. அப்பா போய் நிக்கிறார். நான் காருக்குள்ளை."

"நல்லது. உள்ளுக்கையே இருங்கோ. பெட்டியைத் திறக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ அம்மா. நீங்கள் பாக்கக் கூடாது. பாத்தியளெண்டால் அதுதான் பேந்து கண்ணிலை நிக்கும்."

"இவ்வளவு காலமும் ஒண்டும் நிக்கேல்லையே, அதைத்தானே சொல்லுறன்."

அபிராவும் தாதி வேலைதான் செய்கிறாள். சொல்ல ஏதோ தேடுகிறாள் என்று தாய்க்குத் தெரிந்தது. "சாப்பிட்டியளே?" என்று கேட்டாள்.

"தேத்தண்ணி இருக்கு. நீ வேலையைப் பார்."

போனை மடியில் வைத்தாள். பார்த்தால் அதுதான் நிற்கும். உண்மைதான், மகள் அறியாமல் சொல்லவில்லை. ஆனால் மகளுக்குத் தெரியாத ஒன்று தாய்க்குத் தெரியும், தலைக்கல்ல, கைக்குத் தெரியும். மீன் ஃபக்டரியில் அத்தனை வருசம் நின்ற கை. உறைந்த மீன் கட்டியாக வரும்போது கண் தெளிவாக இருக்கும், செதில் மினுங்கும், இப்போதுதான் பிடித்த மாதிரி. இளகத் தொடங்கினால் முதலில் கண் போகும். வெண்மை படர்ந்து உள்ளே இறங்கிவிடும். பிறகு தோல். பிறகு விரல் பட்ட இடம் பள்ளமாகி நிமிராது. வேண்டாம், இதை நினைக்கக் கூடாது. வேறு என்ன நினைக்கலாம், மழையை நினைக்கலாம், தேத்தண்ணிப் பிளாஸ்கை, அவர் காலையில் இரண்டு காலுறை போட்டாரோ என்று. ஆனால் முதலில் கண் போகும். அவன் கண் திறந்திருந்ததோ மூடியிருந்ததோ, அதுகூட அவளுக்குத் தெரியாது. அப்படியே இருந்தால் அவள் கையில் வாங்கப்போகிறாள் என்று காலையில் குளிக்கும்போது முடிவு கட்டியிருந்தாள். அறுபதை எட்டுகிற கிழவி ஒரு சிசுவை வாங்குவாள், பார்க்கிறவர்கள் பேரன் என்று நினைப்பார்கள். பாதி இளகியிருந்தால்? அந்தப் பாதியை நினைத்துத்தான் கதவுக் கைப்பிடியில் வைத்த கையைத் திரும்ப எடுத்தாள். ஐஸ் முழுக்க இருக்கட்டும் முருகா என்று வாய் முணுமுணுத்தது, முணுமுணுத்த உடனே வெட்கமாக இருந்தது. இதே வாய்தானே முதல் வருசங்களில் நல்லூரானிடம் ஒவ்வொரு வெள்ளியும் கெஞ்சியது: இந்தக் குளிரைக் கொஞ்சம் குறை, கொஞ்சம் வெயிலைக் காட்டு, உனக்கு என்ன குறைந்துவிடும். கேட்டது கிடைத்துவிட்டது. எந்த வேண்டுதலைக் கடவுள் கேட்பார், எதைக் கேளாமல் விடுவார் என்று யாருக்குத் தெரியும். உலகத்தில் எத்தனை கார், எத்தனை புகை, எத்தனை ஃபக்டரி, டிவியில் காட்டுகிறார்கள், அவளுக்கு விளங்குகிறது, தான் கும்பிட்டதால் ஒன்றும் வடதுருவம் இளகவில்லை என்பதும் விளங்குகிறது. ஆனாலும் கும்பிட்டாள்தானே. கை கூப்பிக் கேட்டாள்தானே.

ஞானம் வருவது தெரிந்தது. வைப்பர் துடைத்த கணத்தில் நெருங்கினார், அடுத்த கணத்தில் கரைந்தார், பிறகு கார்க்கதவைத் திறந்து ஈரத்தோடு அப்படியே உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தார், எங்கேயோ ஓட்டப்போகிறவர் போல. நகங்களுக்குள் கறுப்பு மண்.

"ஒண்டுமில்லை மலர்" என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் என்று அவள் நினைத்தாள். கை திரும்பவும் கதவுக் கைப்பிடிக்குப் போனது. "ஒண்டுமில்லையெண்டால்?"

"பிள்ளை இல்லை. பலகையெல்லாம் ஊறிப் பஞ்சு மாதிரி. உள்ளுக்கு மண்தான் கிடக்கு."

"ஐஸ்?"

"ஐஸும் இல்லை. தண்ணிதான் ஊறுது."

அவள் இறங்கினாள். அவர் "மலர், மழை" என்றார், மழை என்று மட்டும் ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திராது. படலை திறந்துதான் கிடந்தது. புல்லுக்குக் கீழே நிலம் மெத்தைபோல அமிழ்ந்தது, வந்த புதிதில் இதே நிலத்தில் நடந்தால் முழங்கால்வரை அதிரும், தார் றோட்டில் நடப்பதுபோல. குழியோரம் ரன்ஹில்ட் நின்றாள், அவளுடைய நரைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. அஸ்லாக் குழிக்குள்ளே முழங்காலில் நின்றான், கையுறையைக் கழற்றியிருந்தான். தவமலர் எட்டிப் பார்த்தாள். நீள்சதுரமாக ஒரு கறுப்பு. மரத்தின் விளிம்பு அங்கங்கே. அதற்குள் மண், ஈரமாய், மிருதுவாய், பிசைந்து வைத்ததுபோல. நடுவில் ஒரு புழு நெளிந்து உள்ளே போனது. மீனின் கண் இல்லை, தோல் இல்லை, ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரமும் எதற்குப் பயந்தாளோ அது இல்லை, எதற்கு ஆசைப்பட்டாளோ அதுவும் இல்லை.

"இங்கே பல கோடையாகத் தண்ணீர் நின்றிருக்கிறது" என்றாள் ரன்ஹில்ட். "இந்தச் சேற்றுத் தண்ணீர் எலும்பையும் கரைத்துவிடும். சின்ன எலும்பு முதலில்."

"எப்ப?" என்று தவமலர் தமிழில் கேட்டாள். பிறகு அவர்களுடைய மொழியில் கேட்டாள். "எந்த வருசம்?"

ரன்ஹில்ட் தலையை ஆட்டினாள். யாருக்குத் தெரியும். ஆனால் ஏதோ ஒரு வருசம் இருந்திருக்க வேண்டும்தானே, ஏதோ ஒரு கோடையில் ஐஸ் அவன் கிடந்த ஆழம்வரை இளகியிருக்க வேண்டும், ஏதோ ஒரு கிழமையின் ஏழு நாளுக்குள் அவன் அப்படியே இருப்பதை விட்டிருக்க வேண்டும். அந்தக் கிழமை அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஊரே கடலில் இறங்கிக் குளித்த ஒரு கோடை இருந்தது. தொண்ணூறு வயதுக் கிழவர்கள் சட்டையில்லாமல் திரிந்தார்கள், கடையில் ஐஸ்கிரீம் முடிந்துவிட்டது. அவள் பல்கனியில் பழைய சேலையை விரித்து வடகம் காயப்போட்டாள், நோர்வேயில் வடகம் காய்கிறதக்கா என்று கனடாவில் இருக்கிற தமக்கைக்குப் போன் எடுத்துச் சிரித்தாள், ஒரே நாளில் மொறுமொறு என்று காய்ந்துவிட்டது, ஞானம் வெறுமேலோடு கதிரையில் சாய்ந்து ஊர் வெயில் மாதிரி இருக்கப்பா என்றார். அந்தக் கிழமையாக இருக்குமோ. அல்லது அதற்கு அடுத்தது. எதுவானாலும் ஒரு நல்ல வெயில் நாளாகத்தான் இருந்திருக்கும். அவள் சந்தோசமாக இருந்த ஒரு நாளாகத்தான் இருந்திருக்கும். அவன் போனது தெரியாமல் அதற்குப் பிறகும் எத்தனை குளிர்காலம் அவள் விறைத்துக் கிடக்கிறானே என்று படுக்கையில் புரண்டாள். அங்கே யாரும் விறைக்கவில்லை. விறைப்பு விட்டுப்போயிருந்தது. அதை நினைக்க வயிற்றுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது, இது ஆறுதலா என்று அதைத் தொட்டுப் பார்த்தாள், ஆறுதல்தான், உடனே அந்த ஆறுதலின்மேல் கோபம் வந்தது, இத்தனை வருசம் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று சொன்ன நிலம் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டதே என்று. ஒலுஃபும் செத்துப்போனார். யாரிடம் போய்ச் சண்டை பிடிக்கிறது.

குழியின் தலைமாட்டில் புதிய பெட்டி இருந்தது, ஊராட்சி எல்லோருக்கும் ஒரே அளவில் செய்வித்த பைன் பலகைப் பெட்டி, ஒரு சிசுவுக்கு மிகப் பெரியது. அஸ்லாக் மண்வெட்டியை எடுத்தான், பிறகு அதைத் தாழ்த்தி, அவளை அண்ணாந்து பார்த்தான். கேட்கக் கூச்சப்பட்டான்.

"எவ்வளவு எடுக்கட்டும்?"

அது ஒரு கேள்விதான். எங்கே பிள்ளை முடிகிறான், எங்கே மண் தொடங்குகிறது. அவள் குழியோரத்தில் குந்தினாள், பிறகு குந்தியது போதாமல் இறங்கினாள், ஞானம் பின்னால் வந்து தோளைப் பிடித்தது தெரிந்தது. கையை உள்ளே விட்டாள். குளிரவில்லை, அதுதான் அவளுக்கு முதலில் பட்டது, ஒரு தோட்டத்து மண் மாதிரித்தான் இருந்தது. "இந்தக் கறுப்பெல்லாம்" என்றாள். அஸ்லாக் கறுப்பையெல்லாம் அள்ளிப் பெட்டிக்குள் மெதுவாக வைத்தான், கொட்டாமல். அடி தெரிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றாள். அவன் எடுத்தான். "பக்கத்திலையும். தண்ணி அங்காலையும் ஓடியிருக்கும்." அவன் பக்கத்திலும் எடுத்தான். ரன்ஹில்ட் தானும் இறங்கி இரண்டு கையாலும் அள்ளினாள். இன்னும் கொஞ்சம். யாரும் போதும் என்று சொல்லவில்லை. பெட்டி விளிம்புவரை வந்துவிட்டது, ஞானம் மேலே கிடந்த கட்டியை உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினார், மூடி பூட்டுகிற மட்டுக்கு.

தூக்கப் பார்த்தபோது பெட்டி அசையவில்லை. ஞானம் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"சரியான பாரம் மலர். மேட்டுக்கு ஏத்தவேணும். கொஞ்சத்தைக் குறைப்பமே?"

"வேண்டாம்" என்றாள் அவள். "இருந்திருந்தால் இதைவிடப் பாரமாய்த்தான் இருந்திருப்பான்."

அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் மழை ஓடிக்கொண்டிருந்ததால் அழுதாரோ என்று சொல்ல முடியாது. பிறகு குனிந்து தன் பக்கத்து முனையைப் பிடித்தார். அஸ்லாக் எதிர்முனைக்குப் போனான், ரன்ஹில்ட் அவனுக்குப் பக்கத்தில். நாலாவது மூலை அவளுக்கு. ஒன்று, இரண்டு என்று அஸ்லாக் எண்ண, பெட்டி சேற்றிலிருந்து சப்பென்ற சத்தத்தோடு விடுபட்டு எழும்பியது. பலகையின் விளிம்பு விரல்களை அறுத்தது, தோள் இறங்கியது, ஒரு வளர்ந்த ஆளைத் தூக்குகிற பாரம். மேட்டுப்பாதை வழுக்கியது. பாதி வழியில் ரன்ஹில்ட் இறக்கி வைப்போமா என்று கேட்டாள், தவமலர் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் பிடியை மாற்றி, உள்ளங்கையை அடிப்பலகைக்குக் கீழே கொடுத்து, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.